மந்திரித்த இரும்புக் குழாய்

எங்கள் சங்கத்துப் படகுகளுக்கு ரேடியோ செற் கொடுத்தவர்கள் அன்ரனா கொடுக்கவில்லை. ஒரு திட்டத்தின் பெயரில் பெட்டி பெட்டியாகச் செற்றுகள் வந்து இறங்கின. சட்டையை உள்ளே விட்ட இரண்டு அதிகாரிகள் வந்து, எங்கள் ஆட்களை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். நாங்கள் வாங்கி வைத்த சோடாவைக் குடித்தார்கள். அன்ரனாவைப் பயனாளிகள் தங்கள் பங்களிப்பாக வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். அன்ரனா இல்லாத செற் வெறும் டப்பா. அதில் கதைத்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கும், அதுவும் வாயால் கதைப்பதால் கேட்கும். இது விளங்காமல் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். யார் எதைச் சொன்னாலும் கைதட்டுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் இல்லை.

நான் அந்தக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். நாயாற்றுக் களப்பு கடலைத் தொடுகிற இடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் எங்கள் கட்டடம். கரையில் இருக்கவேண்டிய செற்றை மட்டும் திட்டக்காரர்கள் முழுதாகத் தந்திருந்தார்கள். கூரைக்கு மேலே உயரமான கம்பம், அதன் உச்சியில் அன்ரனா, கீழே மேசையில் செற். படம் எடுக்க அதுதானே தோதாக இருக்கும். விடியற்காலையில் வந்து, படகுகள் திரும்பும்வரை அதன் முன்னால் இருந்து பதில் சொல்வது என் வேலையாயிற்று.

என் கணவர் பின்னேரம் வலையோடு போய் விடியக் கரைக்கு வருகிறவர். ஃபைபர் படகு, பின்னால் தொங்குகிற ஒரு எஞ்சின், துணைக்கு ஒரு ஆள். முந்தின வருடம் வாடைக்காற்று தொடங்குகிற நேரம் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்தில் போன் வேலை செய்யாது. நீரோட்டம் இழுத்த பக்கம் படகு போனது. ஒரு முழு நாள் அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கரையில் நின்ற பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். நான் இன்னும் அழவே இல்லை, அதற்குள் அவர்கள் என்னை விதவையாக்கி முடித்துவிட்டார்கள். கடைசியில் காற்று மாறி, அவரும் துணை ஆளும் துடுப்புப் போட்டு எங்கேயோ ஒரு கரையில் ஏறி, ஆரோ ஒருவருடைய போனில் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எஞ்சின் நின்றால் நிற்கட்டும், அவருடைய குரல் எனக்குக் கேட்க வேண்டும். அந்தக் குரலைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு நல்ல அன்ரனா போதும்.

ஆனால் எங்கள் படகுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கிறவர் என் கணவர் அல்ல, அவருடைய தமையன். பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். படகில் பாதி அவருடையது. முதுகு நோகிறது என்று அவர் கடலை விட்டுப் பல வருடமாகிறது. கடலுக்குப் போகாமல் விட்ட நாளிலிருந்து கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. விடிந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று, திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் அவர்கள் வலையை எங்கே விட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். கோயில் திருவிழாக் குழுவிலும் அவர்தான் பெரிய தலை. என் கணவரோ தமையனுக்கு முன்னால் வாய் திறக்காத பிறவி. பல் நொந்தாலும், "அண்ணாட்ட ஒருக்காக் கேப்பம்" என்பார். படகைப்போலப் பல்லிலும் பாதி தமையனுடையது என்று நினைத்திருக்கிறார் போலும்.

செற்றோடு வந்த புத்தகத்தை நான் வாசித்தேன். சங்கத்தில் வேறு யாரும் அதைப் பிரிக்கவே இல்லை. ஒருவர் அதன் அட்டையில் தூண்டிலைச் சுற்றிவைத்திருந்தார். பெரிய வித்தை ஒன்றும் அதில் இல்லை. மிக நீளமான அன்ரனா ஒலியைத் தட்டையாக, ஒரு தாம்பாளத்தைப்போல விரித்து அனுப்பும். பெரிய கப்பலுக்கு அது நல்லது. சின்னப் படகு அலையில் சரிந்து சரிந்து எழும்பும்போது அந்தத் தாம்பாளமும் சரியும். கதை ஒருமுறை வானத்துக்கும் ஒருமுறை தண்ணீருக்கும் போகும். சின்னப் படகுக்கு நீளம் குறைந்த, கட்டையான அன்ரனாதான் தோது. அதை உயரமான இடத்தில் பூட்ட வேண்டும். தடித்த வயர் வேண்டும். வயர் சேருகிற மூட்டை ஈயம் வைத்து ஒட்டி உப்புத் தண்ணீர் போகாமல் சுற்ற வேண்டும். கிட்ட எந்த இரும்பும் இருக்கக்கூடாது.

இதைப் பெரிய மச்சானுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, புத்தகம் எழுதினவன் கடலுக்குப் போனவனே? அன்ரனா எண்டா நீளம்தான். நீளம் கூடக்கூடத் தூரம் போகும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"உயரமாப் பூட்டினால் தூரம் போகும், மச்சான். தடி நீளமா இருக்கிறது வேற கதை."

"ரெண்டும் ஒண்டுதான்."

என் கணவர் கதிரையில் இருந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா சொன்னால் அண்ணா சொன்னதுதான்.

நானும் பெரிய மச்சானும் வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம். கனகராயன்குளம் தாண்டும்வரை அவர் பக்கத்துச் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத மனிதருக்கு ரேடியோவைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் புளியங்குளத்தில் இறங்கினார். இறங்க வேண்டிய இடம் அதுதானா, தப்பி ஓடினாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். கடையில் முதலாளி மூன்று வகை எடுத்துப் போட்டார். அவற்றில் ஒன்று வீட்டுக் கூரையில் ரீவிக்குப் பூட்டுகிறது. கடலிலும் அது வேலை செய்யும் என்று சத்தியம் செய்தார். எங்கள் முகத்தில் அவர் என்னத்தைக் கண்டாரோ தெரியாது. நான் கட்டையானதைக் கையில் எடுத்தேன். பெரிய மச்சான் அதைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, உம்மட்ட இருக்கிறதிலேயே நீளமானதைத் தாரும்" என்றார். கரையில் இன்னொருவர் வாங்கியிருந்தது எவ்வளவு நீளம் என்று அவர் ஏற்கனவே கயிறு வைத்து அளந்து வந்திருந்தார். அந்தக் கயிற்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அன்ரனாவோடு பிடித்துப் பார்த்தார். கயிற்றை விட அன்ரனா நீளம் என்று கண்டதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை அவருடைய கலியாணப் படத்திலும் நான் கண்டதில்லை.

பஸ் நிலையத்தில் நடத்துநர் அதைப் பார்த்தார்.

"ஐயா, உதோட ஏற ஏலாது."

"ஏன் ஏலாது? நான் கையிலதானே வைச்சிருக்கப்போறன்."

"கையில வைச்சு ஆருடைய கண்ணைக் குத்தப்போறீங்கள்? கொண்டுபோய் மாத்துங்கோ. இல்லாட்டி நடந்து வாங்கோ."

நான் எவ்வளவோ சொல்லி நடக்காதது நடத்துநருடைய ஒரு வசனத்தில் நடந்தது. காரணம் காட்டி ஒன்றைச் சொன்னால் பெரிய மச்சான் சிரிப்பார். அதட்டிச் சொன்னால் உடனே அடங்குவார். கடைக்குத் திரும்பிப்போய் மாற்றினோம். கட்டையான அன்ரனாவை மடியில் வைத்துக்கொண்டு நான் சந்தோசமாக வந்தேன். அவர் வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டும் வேலையிலும் அவர் கையை வைக்கத்தான் பார்த்தார். முன்பக்கம் அணியத்தில் பூட்டினால்தான் கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும் என்றார். அணியத்தில் முதல் அலையே அடித்துவிடும். நல்லவேளையாக அன்று திருவிழாக் குழுக் கூட்டம். அவர் திரும்பி வருவதற்குள் படகின் பின்பாதியில் ஒரு நல்ல மரத் தூணை நட்டு, அதன் தலையில் அன்ரனாவைப் பூட்டிவிட்டோம். வயர் முனையை முல்லைத்தீவில் ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோய் ஈயம் வைத்து ஒட்டுவித்தேன். பெரிய மச்சான் இருந்திருந்தால் பல்லால் கடித்து உரித்து முறுக்கியிருப்பார். மூட்டின்மேல் ரப்பர் ரேப்பை இழுத்து இழுத்து நானே சுற்றினேன். என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதையும் பிடிக்கச் சொன்னால் அவர் நன்றாகப் பிடிப்பார்.

முதல் நாள் அவருடைய குரல் செற்றில் வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பியே நின்றுவிட்டேன். இதை மறைக்க வேண்டியதில்லை.

"கேக்குதே?"

"ஓம், கேக்குது. நல்லாக் கேக்குது."

"அப்ப சரி."

இவ்வளவுதான் கதைத்தார். பரவாயில்லை. அந்த 'அப்ப சரி' கடலின் நடுவிலிருந்து வந்தது. நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

செற் வந்த பிறகு எங்கள் ஆட்களின் பம்மாத்தைக் கேட்க வேண்டும். படகு தாழத் தாழ மீன் ஏற்றிக்கொண்டு, "ஒண்டும் படேல்ல, சும்மா வாறம்" என்று செற்றின் பொதுச் சனலில் ஒப்பாரி வைப்பார்கள். தெற்கே வலை விட்டவர் வடக்கே நிற்பதாகச் சொல்வார். தான் நிற்கிற இடத்தை உண்மையாகச் சொன்ன ஒருவரையும் நான் அந்தச் செற்றில் கேட்டதில்லை. ஆபத்துக்கு உதவத் தந்த சாமான் புழுகுவதற்கு நன்றாக உதவியது. என் கணவரும் இதற்கு விலக்கல்ல. இடத்தை மாற்றிச் சொல்லத் தமையன் பழக்கிவிட்டிருந்தார்.

பிறகு மாதா திருவிழா வந்தது. எங்கள் கரையில் திருவிழாவுக்கு மாதாவின் சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் சுற்றி வருவோம். மற்றப் படகுகளெல்லாம் தோரணமும் கொடியும் கட்டிக்கொண்டு பின்னால் போகும். நன்றாகச் சோடித்த படகுக்குப் பரிசும் உண்டு. பெரிய மச்சான் எங்கள் படகைச் சோடிக்க இறங்கினார். தோரணம் கட்ட உயரமான ஒரு தடி தேவை. பார்த்தார், அன்ரனா நின்றது.

அதன் உச்சியிலிருந்து அணியத்துக்கும் பின்பக்கத்துக்கும் கட்டுக்கம்பி இழுத்து, கம்பி முழுக்கச் சரிகைத் தோரணம் தொங்கவிட்டார். அன்ரனா வளைந்தது. வளைந்தால் விடுகிற ஆளா அவர்? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, அன்ரனாவோடு சேர்த்து நிறுத்தி, அடியிலிருந்து நுனிவரை கட்டுக்கம்பியால் வரிந்து கட்டினார். நான் சங்கத்தில் இருந்து வந்து பார்த்தபோது அன்ரனாவைக் காணவே இல்லை. கம்பி சுற்றிய ஒரு இரும்புத் தூண்தான் நின்றது. இரும்பு கிட்ட வரக்கூடாது என்று தலையில் அடித்துச் சொன்ன பொருளுக்கு இரும்பிலேயே சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

எங்கள் படகுக்குத்தான் முதற்பரிசு. ஒரு சுவர் மணிக்கூடு. அது பெரிய மச்சான் வீட்டுச் சுவரில் ஏறியது.

திருவிழா முடிந்த அடுத்த நாளே அவிழ்க்கச் சொன்னேன். அப்போதுதான் அடுத்த விண்ணாணம் வெளியே வந்தது. சுற்றி வந்தபோது பங்குச் சுவாமி எல்லாப் படகுகளுக்கும் தீர்த்தம் தெளித்தார் அல்லவா? ஆகவே தோரணமும் குழாயும் கம்பியும் மந்திரித்த சாமான்கள். மந்திரித்ததைக் கையால் அவிழ்க்கக் கூடாது, தானாக உக்கி விழ வேண்டும். குருத்தோலை ஞாயிறில் மந்திரித்துத் தந்த பழைய ஓலையைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் குருத்தோலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். சரிகைத் தோரணம் இரண்டு காற்றில் பறந்துபோனது. இரும்பு எப்போது உக்குவது? செற்றில் என் கணவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. கொஞ்சத் தூரம் போனால் அதுவும் இல்லை.

சுவாமியிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தான் ஆசீர்வதித்தது படகையும் ஆட்களையும்தான், குழாயைக் கழற்றுவதால் மாதா கோபிக்கமாட்டா என்றார். இதைக் கொண்டுவந்து சொன்னேன்.

"அவர் இளம் சுவாமி" என்றார் பெரிய மச்சான். "அவருக்கு உந்த விசயங்கள் தெரியாது."

கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு நானே கரைக்குப் போனேன். பெரிய மச்சான் படகுக்குக் குறுக்கே வந்து நின்று, மந்திரித்த சாமானில் கை வைக்க வருகிறாள், குடும்பத்துக்கு ஒன்று நடந்தால் இவள்தான் பொறுப்பு என்று ஊரைக் கூட்டினார். ஊரும் கூடியது. நான் விடுகிற யோசனையில் இல்லை. என் கணவர் வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் மெதுவாகச் சொன்னார்.

"விடும். கடலில வைச்சு நானே வெட்டிவிடுறன். அண்ணாக்குத் தெரிய வேண்டாம். தானா விழுந்ததெண்டு சொல்லுவம்."

நான் நம்பினேன். ஒவ்வொரு நாளும், "வெட்டினீங்களே?" என்று கேட்டேன். காற்றாம், அலையாம், மறந்துபோனாராம். நாளைக்கு வெட்டுவாராம்.

ஒரு நாள் விடிந்து மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. எங்கள் படகு வரவில்லை.

நான் செற்றில் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் வடக்கே வலை விடப்போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு படகுகள் வடக்கே தேடிப் போயின. போனவர்கள், அங்கே ஒருவரும் இல்லை என்றார்கள். ஏன் இருக்கப்போகிறார்? உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால் வேறு யாராவது மீனைப் பிடித்துவிடுவார்களே! கடற்படைக்கும் அறிவித்தோம். பெரிய மச்சான் சங்கத்துக்குள் வந்து செற்றைத் தட்டிப் பார்த்து, "இது திட்டக்காரன் தந்த சாமான். உது உப்பிடித்தான்" என்றார். அவரை வெளியே போகச் சொன்னேன். அவர் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவனுக்கு ஒன்றும் நடக்காது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. நான் கையிலிருந்த மைக்கை விடவில்லை. ஊரில் செற் வைத்திருக்கிற எல்லாருக்கும் கேட்கிற சனல் அது. அதில் நான் சொன்னவற்றை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "இஞ்சேருங்கோ, கேக்குதே? ஒருக்காக் கதையுங்கோ. நான் இனி ஏசமாட்டன். குழாயைப் பற்றியும் கேக்கமாட்டன். நீங்கள் இல்லாட்டி எனக்கு ஒருதரும் இல்லை. வந்திடுங்கோ." கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருக்குத் தனியாகக்கூடச் சொல்லாததை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லி அழுதேன். பதில் வரவில்லை. பின்னேரம் ஆகும்போது அவர் செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பின்னேரம் தெற்கிலிருந்து வந்த ஒரு படகு அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் மணலில் ஓடினேன். பெரிய மச்சான் எனக்கு முன்னால் ஓடினார், முதுகுவலியைக் காணவில்லை. படகு கரை தட்டியதும் அந்தக் குழாயைத் தொட்டுக் கும்பிட்டார்.

"பாத்தியளே? மந்திரிச்ச சாமான் இருந்தபடியால்தான் என்ரை தம்பி தப்பி வந்தவன். அவிட்டிருந்தா இண்டைக்கு என்ன நடந்திருக்கும்?"

சனம் ஓம் ஓம் என்றது. என் கணவரும் தலையை ஆட்டினார்.

அவர் என்னிடம் வந்தார். உதடு வெடித்திருந்தது. "நீர் கதைச்சது எல்லாம் கேட்டது" என்றார். "விடியத் தொடங்கிக் கேட்டது. நான் கதைச்சதுதான் உமக்கு வரேல்ல."

எங்கள் கம்பம் உயரம், கரைச் செற்றுக்கு வலுவும் கூட, அதன் ஒலி அந்த இரும்பையும் தாண்டி அவரிடம் போயிருக்கிறது. அவருடையது படகை விட்டு வெளியேறவில்லை. நான் சொன்னதெல்லாம் கேட்டிருக்கிறது என்றதும் எனக்கு வெட்கமும் சந்தோசமும் சேர்ந்து வந்தன. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது துணைக்குப் போன ஆள், மூன்று பிள்ளைகளின் தகப்பன், தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் அழுறதைக் கேட்டிட்டு நான் கம்பியை வெட்டக் குறட்டை எடுத்தனான். இவர்தான் விடேல்ல. பறிச்சு வைச்சுக்கொண்டு இருந்தவர்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தமையன் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். காதில் விழாத தூரம் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா ஆசையாக் கட்டினது. வெட்டினா அவருக்கு மனம் நோகும்."

விடிந்ததிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது இந்த மனிதரைத்தான்.